கம்யூனிட்டி காலேஜில் படித்தவர்கள் வாருங்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலையடிவாரம் எழுதியது:

போன வாரம் எங்கள் அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவந்த, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் ஒரு பெண், துணி துவைக்கும் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, எச்-4ல இருந்துகிட்டு படிக்க முடியுமா? விசா மாத்தணுமா?" மெஷின் நின்று அரைமணி நேரம் ஆகியும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். 2012-ல் நான் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகருக்கு வந்தபோது எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. எச்-4 விசாவில் அப்போது வேலைதான் செய்யக் கூடாது, படிக்க அன்றும் இன்றும் தடையில்லை, அதற்கென்று மாணவர் விசாவுக்கு மாறத் தேவையில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஒன்றரை வருடம் வீட்டிலேயே இருந்தேன். எம்.சி.ஏ. முடித்து, சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்தவள் நான்.

எங்கள் ஊரின் கம்யூனிட்டி காலேஜ், அதாவது எந்த வயதினரும் சேரக்கூடிய இரண்டு வருட அரசுக் கல்லூரி, ஓலோனி காலேஜ். அது இருப்பது மிஷன் பீக் மலையின் சரிவில். அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓலோனி மக்களின் பெயர்தான் அதற்கு. மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கப் போவேன். ஒருநாள், தலை முழுக்க நரைத்த ஒரு அம்மா தோளில் புத்தகப் பையோடு வகுப்புக்கு வேகமாகப் போனார். பின்னாலேயே பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் ஓடிப் போய் அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அன்று ராத்திரியே விண்ணப்பத்தை நிரப்பினேன்.

கலிபோர்னியாவில் வசிப்பவர் என்ற தகுதி இருந்தால் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர். மூன்று யூனிட் பாடத்துக்கு 138 டாலரும் சில்லறைக் கட்டணங்களும்தான். 2012-ல் வைத்த விலை. 1984 வரை இங்கே கம்யூனிட்டி காலேஜில் கட்டணமே வாங்கவில்லை என்று வகுப்பில் சொன்னார்கள். கேட்க ஆச்சரியமாக இருந்தது.

நான் எடுத்தது குழந்தை வளர்ச்சிப் பாடம். வீட்டிலேயே இருபது வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்தும் ஒரு மெக்சிகோ பாட்டி, ராணுவத்திலிருந்து திரும்பிய ஒரு பெண், பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள் என்று வகுப்பு நிறைய ஆட்கள். பேராசிரியை தன் பெயரைச் சொல்லியே கூப்பிடச் சொன்னார். எனக்கு மூன்று வாரம் வாயே வரவில்லை.

அங்கே நடந்ததில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பாலர் பள்ளியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரே ஒரு குழந்தையைக் கவனித்து எழுதி வர வேண்டும். நான்கு வயசுப் பையன், மணல் தொட்டி. நான் எழுதியது: "கோபக்காரன். பக்கத்துக் குழந்தைமேல் பொறாமை. பகிர்ந்துகொள்ள மாட்டேன் என்கிறான்." தாள் திரும்பி வந்தபோது "கோபக்காரன்", "பொறாமை" இரண்டையும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். ஓரத்தில் ஒரே கேள்வி: இதைக் கண்ணால் பார்த்தாயா?

மறுபடி போனேன். இந்த முறை கண்ணில் பட்டதை மட்டும் எழுதினேன். சிவப்பு வாளியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டான். பக்கத்துக் குழந்தை கை நீட்டியதும் ஓரடி பின்னால் போனான். ஐந்தாறு நொடி அந்தக் குழந்தையின் முகத்தையே பார்த்தான். அப்புறம் சிவப்பு வாளியைக் கீழே வைக்காமலே குனிந்து, தொட்டியில் கிடந்த சின்ன நீல வாளியை எடுத்து நீட்டினான்.

முதல் நாளும் அவன் இப்படித்தான் எதையாவது நீட்டியிருப்பானோ என்னவோ. கோபக்காரன் என்று முடிவு கட்டிவிட்டதால் அதற்கு மேல் நான் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து மகளைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. அவளை நாளுக்குப் பத்து தடவையாவது "அடம் பிடிக்கிறா" என்று சொல்லியிருப்பேன்.

இந்த மாநிலத்தில் பாலர் பள்ளி ஆசிரியையாக இந்தத் துறையில் 12 யூனிட் வேண்டும். குழந்தை வளர்ச்சி, குடும்பமும் சமூகமும், பாடத்திட்டம் என்று இன்னின்ன பாடம் அதில் இருக்க வேண்டும் என்பதும் விதி. 2015 மே மாதக் கடைசியில், கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு) அங்கீகாரமான எச்-4 மனைவிகள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதி வந்தபோது, அந்த 12 யூனிட்டும் என் கையில் இருந்தது. அட்டை வந்த மாதமே வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே வேலைதான். பழைய கம்ப்யூட்டர் வேலைக்குத் திரும்பத் தோன்றவே இல்லை.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு இதை அப்படியே அனுப்பி வைக்கிறேன்.

சன்னிவேல் தம்பி எழுதியது:

வணக்கம் அக்கா. மதுரையில் ஏழாவது வரை படித்துவிட்டு இங்கே வந்தவன் நான். பள்ளியில் இருக்கும்போதே கிரீன் கார்டு வந்துவிட்டது. 2018-ல் பள்ளி முடித்தபோது நான் ஆசைப்பட்ட யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழக) வளாகம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்த தனியார் பல்கலைக்கழகத்துக்கு அப்பா வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருந்திருக்கும். டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன்.

அந்தக் கோடையில் கோயிலில் யார் பார்த்தாலும் "எந்தக் காலேஜ் தம்பி?" என்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் அப்பா "இன்னும் முடிவாகலைங்க" என்பார். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஊரில் கம்யூனிட்டி காலேஜ் என்றால் மார்க் வராதவன் போகிற இடம் என்றுதான் அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

கால்குலஸ் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எலக்ட்ரிஷியன். காலை ஷிப்ட் முடித்து, வேலை பூட்ஸோடு நேராக வகுப்புக்கு வருவார். நான் சூத்திரத்தை மனப்பாடம் செய்து போட்டுவிட்டுப் போகிறவன். அவர் அப்படி விடவே மாட்டார். "இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற பரப்பு எதைக் குறிக்கிறது? மின்சாரத்தில் இது என்ன?" என்று கேட்பார். பேராசிரியரும் பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து வருவார். நேரம் செல்லச் செல்ல மின்சக்தி எப்படி ஏறி இறங்குகிறது என்று கோடு போட்டால், அதன் கீழே இருக்கிற பரப்புதான் செலவான மொத்த மின்சாரம், நம் பில்லில் வருகிற எண். இதை எனக்குப் பேப்பர் டவலில் வரைந்து காட்டியது அவர்தான். தொகையீடு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பள்ளியில் அதே பாடத்தில் நான் ஏ வாங்கியிருந்தேன்.

சரி, வரப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு மாற இடம் உறுதி என்று முன்கூட்டியே தரும் டேக் என்ற ஒப்பந்தம் எல்லா யூசிக்கும் கிடையாது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறுக்கு மட்டும்தான். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் கிடையாது, அங்கே போட்டியில்தான் போக வேண்டும். அப்புறம், அசிஸ்ட் இணையதளத்தில் எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் நான் எடுத்த ஒரு பாடம் என் மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) உதவவில்லை. ஒரு குவார்ட்டர் (மூன்று மாதம் போல வரும் பருவம்) தள்ளிப் போய், கோடையில் படித்து ஈடுகட்டினேன்.

டி ஆன்சாவில் ஒரு யூனிட் 31 டாலர். குவார்ட்டர் முறை என்பதால் வருடத்துக்கு 45 யூனிட், ஆக 1,395 டாலர். நான் படித்தபோது யூசியில் கட்டணம் மட்டுமே வருடம் 14,000 பக்கம். 2020-ல் டேவிஸுக்கு மாறினேன். கொரோனாவால் முதல் குவார்ட்டர் முழுக்க என் பழைய படுக்கையறையில்தான்! பட்டம் வாங்கிய அன்று அப்பா கோயிலில் ஒருவரிடம், யாரும் கேட்காமலேயே சொன்னார்: "ரெண்டு வருஷம் டி ஆன்சா, ரெண்டு வருஷம் டேவிஸ்." டி ஆன்சாவைத்தான் முதலில் சொன்னார்.

பழைய வாத்தியார் எழுதியது:

இந்தப் பிள்ளைகள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் எழுதத் துணிந்தேன். எனக்கு வயது 68. அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டு கணக்கு வாத்தியார். மகள் ஸ்பான்சர் செய்து வந்தேன். இங்கிலீஷ் படிப்பேன், எழுதுவேன். இங்கே உள்ளவர்கள் பேசினால் காதில் விழாது, நான் பேசினால் அவர்களுக்கு விளங்காது. மருத்துவமனைக்குப் போன் போடுவதென்றால்கூட மகள் மீட்டிங் முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். பணம் கட்டத் தேவையில்லாத இங்கிலீஷ் வகுப்பு இருக்கிறது, பட்டத்துக்குக் கணக்கில் சேராத, கிரெடிட் இல்லாத வகுப்பு என்பதால் இலவசம் என்று மருமகன்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பெஞ்சில் இந்தப் பக்கம் உட்காருவது முதல் வாரம் உடம்பெல்லாம் கூசியது. எனக்குப் பக்கத்தில் ஒரு ஆப்கானியர். என் வயதுதான் இருக்கும். லாரி ஓட்டியவர். ஃப்ரீமான்டில் அவருடைய நாட்டுக்காரர்கள் நிறைய. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, வணக்கம் சொல்லிக்கொள்வதோடு சரி.

ஒருநாள் வீட்டுச் சாமான்கள் பாடம். ஆசிரியை படங்களைக் காட்டினார். மேசைப் படம் வந்ததும் அவர் தனக்குள் "மேஸ்" என்றார். நான் திரும்பி "மேஜை" என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் ஜன்னலுக்கு வெளியே காட்டி "மைதான்" என்றார். "மைதானம்" என்றேன். நோட்டில் நடுவில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தோம். பஜார், சாமான், வக்கீல். ஒவ்வொன்றுக்கும் அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார். பாரசீகச் சொற்கள் தமிழில் உண்டு என்று நான் படித்ததுதான். அந்தப் பாரசீகத்தைப் பேசுகிற மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வீட்டுப் பொருளை என் வீட்டில் கண்டுபிடித்ததுபோல் பூரித்துப் போவார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த வகுப்புக்கு பிளாஸ்கில் ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் கொண்டுவந்தார். நான் வாத்தியார் என்று தெரிந்ததிலிருந்து "முஅல்லிம்" என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்த ஆசிரியை தொலைபேசிப் பயிற்சிக்கு எங்கள் நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டார். போனில் முகம் தெரியாதல்லவா, கை காட்டிப் பேச முடியாதல்லவா, அதற்காக. அவர் மருத்துவமனை, நான் நோயாளி. பிறகு மாற்றி. இப்படிப் பதினைந்து இருபது தடவை. முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பெடுத்தவன் சொல்கிறேன், அந்த நாற்காலி உத்தி எனக்குத் தோன்றியிருக்காது. போன மாதம் கண் பரிசோதனைக்கு நானே போன் போட்டு நாள் வாங்கினேன். பெயரை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், மற்றதெல்லாம் ஒரே மூச்சில். மகளிடம் ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னேன்.

கோவைக்காரி எழுதியது:

வாத்தியார் ஐயா, உங்கள் பதிவை என் மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த பருவத்தில் சேர்கிறேன் என்கிறார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நான் சேர்ந்த காலேஜின் பெயர் வேண்டாம். அங்கே என்னை வெளிமாநிலக் கணக்கில் போட்டு, பல மடங்கு கட்டணம் கேட்டார்கள். எச்-4 என்றதும் ஜன்னலில் இருந்தவர் "நீங்கள் வெளிநாட்டு மாணவர்" என்று முடித்துவிட்டார். பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன், இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் விதியைப் படித்தேன். பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். எச்-4 அதற்குத் தடை இல்லை. வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ், மாநில வரித் தாக்கல், வங்கிக் கணக்கு விவரம் நான்கையும் கோப்பில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை வேறொரு அம்மா. ஒவ்வொரு தாளையும் பொறுமையாகப் பார்த்து, திருத்திக் கொடுத்தார். ஒரு தடவை இல்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். தாள்களோடு இன்னொரு தடவை போங்கள்.

புதுசா வந்தவள் எழுதியது:

அக்கா, துணி துவைக்கும் அறையில் உங்களைப் பிடித்தவள் நான்தான். எல்லாருடைய பதிவையும் இரண்டு தடவை படித்தேன். விண்ணப்பம் போட்டுவிட்டேன், அதற்குக் காசு வாங்கவில்லை. இங்கே வந்து பதினாலு மாதம் ஆகிவிட்டது, கோவை அக்கா சொன்ன தாள்களையும் எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் நீங்கள் படித்த அதே பாடத்தில் இடம் இல்லையாம். காத்திருப்போர் பட்டியலில் நாலாவது. வகுப்பு திங்கள் ஆறு மணிக்கு. போகலாமா, அடுத்த பருவம் பார்க்கலாமா?

மலையடிவாரம் எழுதியது:

கட்டாயம் போ. முதல் நாள் நான்கைந்து பேராவது வர மாட்டார்கள். நோட்டோடு போய் உட்கார், வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் பட்டியலில் இருக்கிறேன் என்று சொல்லி ஆட் கோடு கேள். அவர் கொடுக்கிற எண்ணைப் போட்டால் பதிவாகிவிடும், ஆனால் அதற்குக் கெடு உண்டு, அன்று ராத்திரியே போட்டுவிடு. ஐந்தேகாலுக்கெல்லாம் கிளம்பு. சாயங்காலம் மலையேற வருகிறவர்களும் காரை அங்கேதான் நிறுத்துவார்கள், இடம் கிடைக்காது. பாப்பாவை என் வீட்டில் விட்டுப் போ, நான் இருப்பேன்.