0.8 மி.மீ. அலுமினியத் தகட்டைக் கோடு பிசகாமல் வெட்ட வழி என்ன?

செம்புக்கம்பி:
ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு முகப்புத் தகடு செய்கிறேன். 0.8 மி.மீ. அலுமினியம், 180க்கு 60 மி.மீ., ஒரே அளவில் இரண்டு வேண்டும். இரண்டிலும் மீட்டருக்காக 45க்கு 30 மி.மீ. ஜன்னல். கத்தரியால் வெட்டினால் ஓரம் நெளிந்து துண்டே முறுக்கிக்கொள்கிறது. ஹேக்சா வைத்தால் பல் மாட்டித் தகடு துள்ளுகிறது. கால் மி.மீ. விலகினாலே பெட்டி ஓரத்தில் சந்து தெரியும். கையில் இருப்பது வைஸ், டிரில், ஹேக்சா, கத்தரி, இரண்டு மூன்று அரம். இதை வைத்து முடியுமா?

அரமும் வைஸும்:
தாராளமாக முடியும். வெட்டும்போதே அளவு வந்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள். கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் இறக்க வேண்டும். கை வேலையில் தகடு சுத்தமாக அமைவது அரத்தில்தான். எந்தக் கத்தரி வாங்கினாலும் இது மாறாது.

கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். மார்க்கர் கோடே அரை மி.மீ.க்கு மேல் தடிமன் வரும், அதை நம்பிக் கால் மி.மீ. பிடிக்க முடியாது. கோடு வரும் இடத்தில் மார்க்கரைப் பட்டையாகப் பூசி, காய்ந்ததும் ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஸ்கிரைபரால் (உலோகத்தில் கோடு கீறும் கூர்முனைக் கம்பி) ஒரே இழுப்பு. முனை ஸ்கேலின் அடி விளிம்பில் ஒட்டி ஓடும்படி ஸ்கிரைபரைச் சற்றே வெளிப்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். கறுப்பின் நடுவே முடி போல வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். திரும்ப இழுக்காதீர்கள், இரண்டு கோடாகிவிடும்.

கத்தரியின் இரு அலகும் வெட்டுக்கு இருபுறமும் உள்ள தகட்டை ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே தள்ளுகின்றன. எந்தப் பக்கம் ஒல்லியோ அது சுருளும். அதனால் இரண்டு தடவையாக வெட்டுங்கள். முதல் வெட்டில் கோட்டைச் சுற்றி ஆறேழு மி.மீ. விட்டுத் துண்டைப் பிரித்தெடுங்கள். அடுத்த வெட்டு கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே. இப்போது கழிவாகப் போகும் ஒல்லிப் பட்டைதான் சுருளும், முகப்பு தட்டையாக நிற்கும். ஒவ்வொரு கடியிலும் வாயை முழுக்க மூடாமல், நுனி சேர்வதற்கு முன்பே திறந்து முன்னே தள்ளுங்கள். முழுக்க மூடினால் நுனி சேருமிடத்தில் ஒரு கிழிசல் நிற்கும், அது கோட்டுக்குள் போய்விட்டால் அரத்தாலும் எடுக்க முடியாது.

பிறகு அரம். இரண்டு தகட்டையும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, இரண்டு ஆங்கிள் (L வடிவ இரும்புப் பட்டை) துண்டுகளுக்கு நடுவே, கோடு ஆங்கிள் விளிம்போடு சமமாகத் தெரியும்படி வைஸில் இறுக்குங்கள். சேர்த்தே ராவுவதால் இரண்டும் ஒரே அளவில் வந்துவிடும். ஒரு நீள விளிம்பை முதலில் முடித்து, மற்ற எல்லா அளவையும் அதிலிருந்தே எடுங்கள். கடைசியில் அரத்தை இரு கையாலும் குறுக்கே பிடித்து விளிம்பின் நீளத்துக்கு இழுத்தால் மேடு பள்ளம் போய்விடும். கோட்டில் பாதி அகலம் மறைந்ததும் நிறுத்துங்கள். அலுமினியம் அரத்தின் பல்லில் அப்பிக்கொண்டு தகட்டைக் கீறும். முன்கூட்டியே அரத்தில் சாக்பீஸ் தேய்த்துவிடுங்கள், அவ்வப்போது கம்பி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

மடக்கி ஒடி:
அரத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நேர்கோட்டு வெட்டுக்குக் கத்தரியே வேண்டாம் என்பேன். அக்ரிலிக் கீறும் கொக்கிக் கத்தி இருந்தால் ஸ்கேலை கிளாம்ப் போட்டு, பாதித் தடிமன் வரை கீறுங்கள். அது உலோகத்தை மெல்லிய சுருளாக எடுத்துவிடும். சாதாரண கட்டர் பிளேடு எடுக்காது, இரண்டு பக்கமும் ஒதுக்கி வரப்பு எழுப்பும். கீறிய கோட்டை மேசை விளிம்பில் வைத்து, மேலே ஒரு கட்டை போட்டு இறுக்கி, முன்னும் பின்னும் நாலைந்து முறை மடக்கினால் ஒடிந்து வரும். துளியும் நெளியாது. விறைப்பான அலுமினியத்துக்குத்தான் இது பொருந்தும். மிருதுவான ரகம் ஒடியாமல் வளைந்துகொண்டே இருக்கும்.

செம்புக்கம்பி:
இருவருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது விறைப்பான தகடுதான், நீள விளிம்பைக் கீறி ஒடித்துப் பார்க்கிறேன். ஜன்னலுக்கு என்ன செய்வது? அங்கே கத்தரியும் நுழையாது, ஒடிக்கவும் முடியாது.

அரமும் வைஸும்:
மடக்கி ஒடி சொன்ன முறையில் ஓரம் சுத்தமாக வரும், செய்யுங்கள். அதிலும் அரை மி.மீ. அரத்துக்கு விடுங்கள்.

ஜன்னலுக்கு ரம்பம்தான். உங்கள் ஹேக்சா துள்ளுவதற்குக் காரணம் பல் இடைவெளி. அங்குலத்துக்கு 32 பல் என்றால் ஒரு பல்லுக்கு 0.8 மி.மீ., உங்கள் தகட்டின் தடிமனும் அதேதான். ஒரே பல் தகட்டில் நிற்கிறது, அடுத்தது வந்து முட்டுகிறது. இரண்டு தகட்டையும் 3 மி.மீ. பிளைவுட் இரண்டுக்கு நடுவே வைத்து ஒட்டுங்கள். மொத்தம் ஏழரை மி.மீ., ஒன்பது பல் ஒரே நேரத்தில் பிடிக்கும், துள்ளாது. கோட்டை மேல் பிளைவுட்டில் போட்டு, மூலைகளில் உட்பக்கமாக டிரில் போடுங்கள். வெறும் தகட்டில் டிரில் போட்டால் துளை முக்கோணமாகும், பிளைவுட் அடைப்பில் வட்டமாகவே வரும். ஹேக்சா சட்டம் உள்ளே போகாது என்பதால் நகை வேலைக்கான சிறு ரம்பச் சட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிளேடின் ஒரு முனையை அவிழ்த்துத் துளையில் நுழைத்து மாட்டலாம். பல் கைப்பிடியை நோக்கி இருக்கட்டும், கீழே இழுக்கும்போதுதான் அது வெட்டும். பிளேடில் அடிக்கடி மெழுகு தேயுங்கள்.

டிரில் சுழலும்போது கையுறை போடாதீர்கள், இழுத்துக்கொள்ளும். வெட்டிய தகட்டைத் தூக்கும்போது போடுங்கள். பிசிறு எடுக்கும்வரை அந்த விளிம்பு பிளேடுதான்.