7 கியர் டூயல் கிளட்ச் டீசல் கார்: உதறல் நிற்கவில்லை, உதவி தேவை

என்னுடையது 2015 மாடல் டீசல் செடான், 1.5 லிட்டர், இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காதது) வகை. 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஊர் கோவை.

மூன்று மாதமாக முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறுகிறது. காலையில் ஒன்றும் தெரியாது. அவிநாசி சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் ஆரம்பித்துவிடும். போன வாரம் குன்னூர் மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்று எடுத்தபோது கியர் விளக்கு மின்னி, வண்டி நகரவே இல்லை. பின் சீட்டில் அம்மா, பயந்துபோனேன். இன்ஜினை அணைத்துப் போட்டதும் சரியானது.

ரிவர்ஸ் மட்டும் எப்போதும் சீராக எடுக்கிறது. இந்த கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கும் ரிவர்ஸுக்கும் இன்னொன்று. அதனால் முதல் கிளட்ச் தேய்ந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

பேட்டரி புதிதாகப் போட்டேன், கியர் ஆயில் மாற்றினேன். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்து இரண்டு முறை கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கும் இடத்தை கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்தார்கள். அப்புறம் பத்து நாள் நன்றாக ஓடி மறுபடி அதேதான். இப்போது கிளட்சோடு மெக்கட்ரானிக் யூனிட்டையும் (கிளட்சையும் கியரையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி) சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க என்னிடம் பணம் இல்லை.

இதே அறிகுறி இருந்து கிளட்ச் மட்டும் மாற்றியவர்களுக்கு, பிரச்சினை முழுதாகத் தீர்ந்ததா?