ஜெபிக்க உட்கார்ந்தால் தேவன் கைவிட்டதுபோலவே இருக்கிறது. என்ன செய்வது?

கேள்வி: ‘உன்னைக் கைவிடுவதுமில்லை’ என்ற எபிரெயர் 13:5 வேதவசனம் மனப்பாடம். ஆனாலும் மனதில் ஒட்டவில்லை, ஜெபத்தில் வார்த்தையும் வரவில்லை. எப்படி ஜெபிப்பது?

பதில் 1: சகோதரி, வேதாகமத்தின் ஜெபப்பாடல்களில் ஒன்றான சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம்: முதல் இரண்டு முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். ‘எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்ற இடத்தில் நின்று, உங்கள் வலி எதுவோ அதை அப்படியே சொல்லுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். முறையீட்டைத் தாண்டி நேராக ஸ்தோத்திரத்துக்குப் போய்விடுவார்கள். பாரம் உள்ளேயே தங்கிவிடும். கடைசி இரண்டு வசனம் இன்று வாயில் வரவில்லையா, நாலாவதோடு நிறுத்துங்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தானே!

பதில் 2: தேவன் நம்மோடு இருப்பதும், இருப்பதை நாம் உணர்வதும் ஒன்றல்ல. சிலுவையில் இயேசு ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கதறியபோதும் ‘என் தேவனே’ என்றுதான் கூப்பிட்டார்.

பதில் 3: உடம்பையும் கவனியுங்கள் சிஸ்டர். 1 இராஜாக்கள் 19-ல், சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியை தேவதூதன் இரண்டு முறை தட்டியெழுப்பி, சாப்பிடத்தான் சொன்னான். தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று எண்ண வேண்டாம். உயிரை விடும் நினைப்பு வந்தால் தனியாக இருக்காதீர்கள், உடனே ஒருவரிடம் சொல்லுங்கள்.