பெத்தும்மாவின் நோட்டு

குழு: பெத்தும்மா வீடு, கீழக்கரை (பெத்தும்மா எங்கள் பாட்டி; பெரிய மாமா, சாச்சி, துபாய் மாமா அவர்களின் பிள்ளைகள்; ஆலிம் காக்கா, லாத்தா, நான், தம்பி பேரப்பிள்ளைகள். காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா.)

வெள்ளி, காலை 10.12

சாச்சி: அஸ்ஸலாமு அலைக்கும். ஓடு மாற்ற ஆள் வந்திருப்பதால் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். குர்ஆனை வைத்து ஓதும் உம்மாவின் ரைஹால் பலகை, மூக்குக்கண்ணாடிக் கூடு, நூலால் தைத்த ஒரு நோட்டு ஆகியவை அதில் இருந்தன. நோட்டு முழுவதும் அறபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். எனக்குக் குர்ஆன் ஓத வரும்; ஆனால் இதைக் கையில் எடுத்தால் எழுத்து வாய்க்கு வருகிறது, சொல் வர மறுக்கிறது. மூன்று பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

தம்பி: வ அலைக்குமுஸ்ஸலாம். சாச்சி, முதல் படம் நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. (பெரிய மாமா கவனிக்க: தங்களின் ஆணைப்படி முழு வாக்கியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.)

பெரிய மாமா: கவனித்தேன். நிறுத்தக்குறிகளும் சரியாக இருக்கின்றன.

துபாய் மாமா: மாஷா அல்லாஹ். அதைப் பத்திரமாக வையுங்கள். நல்ல தேக்குச் சட்டத்தில் கண்ணாடி போட்டு முகப்பில் மாட்டிவிடலாம். செலவு என்னுடையது.

வெள்ளி, பிற்பகல் 2.40

ஆலிம் காக்கா: ஜும்ஆ முடிந்து வந்துதான் படங்களைப் பார்த்தேன். வேலூர் பாகியாத் மதரஸாவில் ஓதிய காலத்தில் அறபுத்தமிழ் நூல்களைப் பார்த்திருப்பதால் ஓரளவு படிக்க முடிகிறது. நான் இதை வரவு செலவுக் கணக்கு என்று நினைத்தேன், இல்லை. மேலே ‘பிஸ்மில்லாஹ்’, அதன் கீழே ‘ஓத வந்த பிள்ளைகள்’ என்று தலைப்பு, அதன் கீழே வரிசையாகப் பெண் பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எந்த சபக்கு (பாடம்) வரை வந்திருக்கிறாள் என்பதும், வியாழக்கிழமை என்ன கொண்டுவந்தாள் என்பதும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அரைப்படி அரிசி, ஒரு தேங்காய், நாலணா, கருவாடு என்று வருகிறது. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வரும் சொல் ‘ஒன்றுமில்லை’ என்பதுதான். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதப்பட்ட பிள்ளைகளின் சபக்கும் மற்றவர்களுடையதைப் போலவே வாராவாரம் முன்னேறிக்கொண்டே போயிருக்கிறது.

ஆலிம் காக்கா: மூன்றாவது படத்தில் ஒரு பெயருக்கு எதிரே இப்படி இருக்கிறது: ‘எழுத்துக் கூட்டுகிறாள். ளகரத்தில் தடுக்குகிறாள். இன்னும் ஒரு மாதம்.’ ளகரம் அரபியில் கிடையாது என்பதால், இருக்கும் எழுத்தில் புள்ளி கூட்டித் தமிழ் ஒலிக்கென்று நம் முன்னோர்கள் தனியாக உருவாக்கியது அது. அப்படியானால் பெத்தும்மா குர்ஆனை மட்டும் ஓதிக் கொடுக்கவில்லை; தமிழைப் படிக்கவும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

நான்: மொத்தம் எத்தனை பெயர்கள் சாச்சி?

சாச்சி: எண்ணிவிட்டேன். நாற்பத்தொன்று. பெயர்கள் என்று மட்டும் எனக்குத் தெரிகிறது.

வெள்ளி, இரவு 9.05

பெரிய மாமா: மதியத்திலிருந்து இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 1979இல் ஒரு பத்திர வேலைக்காக உம்மாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உம்மா பேனாவை வாங்கி, வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, தன் பெயரை அறபுத்தமிழில் நிறுத்தி எழுதினார்கள். அங்கிருந்தவர் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இது கையெழுத்தில்லை, கைநாட்டு வையுங்கள்’ என்றார். உம்மா ஒன்றும் பேசவில்லை. பெருவிரலை மையில் அழுத்தி வைத்துவிட்டு, வெளியே வந்து துப்பட்டியின் ஓரத்தில் துடைத்துக்கொண்டார்கள். வெள்ளைத் துப்பட்டியில் அந்த நீலக் கறை பல சலவைகளுக்குப் பிறகும் போகவில்லை.

பெரிய மாமா: அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் 1981இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு ஒருவர் வந்தார். குடும்பத்தினரின் விவரங்களை நான்தான் சொன்னேன். எந்த மொழியிலாவது புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் எழுத்தறிவுள்ளவர் என்பதே அந்தக் கணக்கெடுப்பின் வரையறை. உம்மாவின் முறை வந்தபோது, தமிழாசிரியனாகிய நான், உம்மா அடுத்த அறையில் பிள்ளைகளுக்கு சபக்குச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே, ‘படிக்காதவர்’ என்று சொன்னேன். இந்திய நாட்டின் எழுத்தறிவற்றோர் தொகையில் ஒன்றைக் கூட்டியவன் நான்.

சாச்சி: இதை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையே.

லாத்தா: மாமா, மனம் கனக்கிறது. ஆனாலும் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு வியாக்கியானம் செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெத்தும்மாவுக்கு அறபுத்தமிழ் தெரிந்திருந்தது உண்மை. அதே பெத்தும்மாவுக்குப் பேருந்தின் பலகையையும் மருந்துச் சீட்டையும் ரேஷன் அட்டையையும் படிக்கத் தெரியாது என்பதும் உண்மை. வீட்டுக்குள் இருந்தவரை அந்த எழுத்து அவர்களுக்கு ஓர் உலகத்தையே கொடுத்தது, வாசலைத் தாண்டினால் ஒன்றும் கொடுக்கவில்லை. மேலும், நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுத்த அதே கைதானே சாச்சியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது? அதையும் சேர்த்துச் சட்டம் போட்டு மாட்டுவோமா?

துபாய் மாமா: மகளே, மூத்தவர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசலாம்.

சாச்சி: அவளைச் சொல்லாதே, அவள் கேட்டது சரிதான். 1976இல் எட்டாம் வகுப்பு முடித்தேன். பெரியவள் ஆனதும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். தலைமையாசிரியை இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டார்கள். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடியே ‘வேண்டாம்’ என்றார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது என்பதால் எனக்கும் அது அநியாயமாகத் தோன்றவில்லை. 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் பெண்கள் கல்லூரி நம் ஊரிலேயே தொடங்கியபோதுதான் தோன்றியது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். புர்காவோடு புத்தகங்களை அணைத்துக்கொண்டு பிள்ளைகள் போவதைக் கொஞ்ச நாள் வாசலில் நின்று பார்ப்பேன்.

சாச்சி: உம்மா மேல் இருக்கும் வருத்தத்தைச் சொன்னேன், என் மேல் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அறபுத்தமிழை எனக்கும் சொல்லித் தருகிறேன் என்று உம்மா கூப்பிட்டார்கள். எனக்குத்தான் தமிழ் தெரியுமே, இது எதற்கு என்று நான் போகவில்லை. பிறகு அவர்களுக்குக் கண் மங்கிவிட்டது. இன்று அவர்கள் கையெழுத்தை மகள் நான் படிக்க முடியாமல் படம் எடுத்து அனுப்புகிறேன்.

சனி, காலை 6.20

ஆலிம் காக்கா: ஃபஜ்ருக்குப் பிறகு உங்கள் எல்லோருடைய செய்திகளையும் மறுபடி படித்தேன். ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் பிடிபட்ட மக்காவாசிகளில், பணம் கொடுத்து விடுதலையாக வழியில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த சிலருக்கு, மதீனத்து அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்றுக் கொடுப்பதையே நபி (ஸல்) அவர்கள் ஈட்டுத் தொகையாக ஆக்கினார்கள். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் என்று வரலாற்று நூல்களில் வருகிறது. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) இதைச் சொல்லும்போது கல்வியின் சிறப்பு என்று சொல்லி நாங்கள் கடந்துவிடுகிறோம். நேற்று இரவு எனக்குப் பட்டது வேறு. அந்தக் கைதிகள் இஸ்லாத்தை ஏற்றவர்கள் அல்லர். அவர்கள் கற்றுக் கொடுத்தது மார்க்கக் கல்வியும் அன்று, வெறும் எழுத்து. மார்க்கக் கல்வி, உலகக் கல்வி என்று நாம் இன்று இழுத்திருக்கும் கோடு அந்தப் பிள்ளைகளின் பலகையில் இருந்திருக்காது.

ஆலிம் காக்கா: லாத்தாவுக்காக இன்னொன்று. நபி (ஸல்) அவர்களின் மனைவி ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் என்ற பெண்மணி. அபூதாவூத் ஹதீஸ் நூலில் அந்தச் செய்தி இருக்கிறது. எனவே பெண்ணைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியதை மார்க்கத்தின் மேல் போட முடியாது. அது நம்முடைய ஊர் வழக்கம், அதற்கு நாம்தான் பொறுப்பு.

பெரிய மாமா: இந்த ஊரில் அறபுத்தமிழுக்குக் குறைவே இருந்ததில்லை மருமகனே. மாப்பிள்ளை ஆலிம் அவர்கள் ‘மகானி’யை அந்த எழுத்தில் எழுதியதால்தான் தொழுகை, நோன்புச் சட்டங்களைப் பெண்கள் வீட்டிலிருந்தே படித்தார்கள். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் திருச்சியில் ஜமால் முகமது, அதே ஆண்டு சென்னையில் புதுக்கல்லூரி என்று சமுதாயப் புரவலர்கள் கட்டிய கல்லூரிகளுக்குக் கல்வெட்டு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கருவாட்டை வாங்கிக்கொண்டும், வாங்காமலும் முகப்பில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர்களுக்கு மிஞ்சியது, எலி கடித்த இந்த நோட்டு.

துபாய் மாமா: எலி கடித்ததா? அதற்குத்தான் கண்ணாடி போடலாம் என்றேன். சரி, ஒரு யோசனை சொல்கிறேன். உம்மா பெயரில் ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறேன். வீட்டு முகப்பைச் சீர்படுத்தும் செலவும் என் பொறுப்பு.

லாத்தா: அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும் மாமா. ஆனால் பணத்துக்கு முன்னாலேயே நம் பிள்ளைகள் எங்கே கழன்றுபோகிறார்கள் தெரியுமா? தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடத்தைக் கேட்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். லெப்பை என்றால் ராவுத்தரும் மரைக்காயரும் அதற்குள் அடக்கம் என்பது அரசாணைப் பட்டியலில் இருந்தாலும் பல வீடுகளுக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். போன ஆண்டு நம் தெருவிலேயே நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பிள்ளை, விண்ணப்பத்தில் ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்று மட்டும் குறித்து, ‘முஸ்லிம்’ என்று இருந்த அடுத்த கட்டத்தை விட்டுவிட்டது. இந்தக் கட்டங்களை வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதும் கல்விதான். அதற்கு ஓர் ஆலிமும் தேவையில்லை, ஒரு முனைவரும் தேவையில்லை.

தம்பி: அந்தப் பிள்ளை என் வகுப்புத் தோழனின் தங்கை. இணையத்தில் அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவனே நான்தான். கட்டத்தை விட்டது நான்.

லாத்தா: தெரியும். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன்.

சனி, பகல் 11.30

நான்: எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். துபாய் மாமா, கட்டணம் கட்டுங்கள், ஆனால் பத்ருக் கைதிகளின் நிபந்தனையோடு கட்டுங்கள். உங்கள் பணத்தில் படிக்கும் பிள்ளை, படிக்கும் காலத்திலேயே, தன் தெருவில் பத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கணக்கோ, ஆங்கில வாசிப்போ, விண்ணப்பம் நிரப்புவதோ, எதுவானாலும் சரி. பணமாகத் திருப்பிக் கேட்டால் அது கடன், கேட்காமலே விட்டால் ஸதகா (தர்மம்). இது இரண்டுமில்லாமல் மூன்றாவதாக இருக்கட்டும். நான் ஒன்பதாண்டுகளாகக் கணக்கு ஆசிரியை. சம்பளத்துக்கு வெளியே ஒரு பிள்ளைக்குக்கூட இதுவரை ஒரு கூட்டல் சொல்லிக் கொடுத்ததில்லை என்பதை நேற்று இரவு எண்ணிப் பார்த்துதான் தெரிந்துகொண்டேன். வாரத்தில் சனிக்கிழமை என்னுடையது.

துபாய் மாமா: நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சொல்லிக் கொடுத்தார்களா இல்லையா என்று யார் கணக்கு வைப்பது?

சாச்சி: உம்மா நோட்டில் பாதிப் பக்கங்கள் வெறுமையாகத்தான் இருக்கின்றன.

பெரிய மாமா: அந்த நோட்டில் வேண்டாம் தங்கச்சி, தாள் பொடியும். புதிய நோட்டு நான் வாங்கித் தருகிறேன். அதே போலப் பெயர், சபக்கு, வியாழக்கிழமை என்று கோடு போட்டுக் கொண்டுவருகிறேன்.

லாத்தா: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொளியில் வந்து சான்றிதழ், விண்ணப்பம், உதவித்தொகை எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். தம்பி ஒவ்வொரு கட்டத்தையும் உரக்க வாசித்த பிறகே நிரப்புவான்.

தம்பி: இரண்டு முறை வாசிக்கிறேன்.

ஆலிம் காக்கா: சட்டம் போட்டுவிடாதீர்கள், அதற்கு முன் எனக்கு நோட்டு வேண்டும். நாற்பத்தொரு பெயர்களையும் தமிழில் எழுதித் தருகிறேன். அவர்களில் சிலராவது ஊரில் இருப்பார்கள். ளகரத்தில் தடுக்கியவர் உட்பட.

சாச்சி: நீ எழுதித் தர வேண்டாம் மகனே, வந்து எனக்குச் சொல்லித் தா. பெயர்களை நானே படிக்கிறேன். உம்மா கூப்பிட்டபோது போகாதவள், இப்போது மருமகள்களையும் கூட்டிக்கொண்டு உட்காருகிறேன். எனக்கும் ளகரத்தில் ஒரு மாதம் ஆகலாம், பரவாயில்லை.

ஆலிம் காக்கா: இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை அஸர் (மாலைத்) தொழுகைக்குப் பிறகு வருகிறேன் சாச்சி.

நான்: அஸர் முதல் ஐந்தரை வரை அறபுத்தமிழ், அதன் பிறகு மஃரிபு வரை கணக்கு. முகப்பில் மின்விசிறி ஓடுகிறதா சாச்சி?

சாச்சி: ஓடும், சத்தம் போடும். ஓட்டு வேலை வியாழனுக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள். கரும்பலகை ஒன்று வேண்டும். பிள்ளைகள் பென்சில் கொண்டுவந்தால் போதும் என்று தெருவில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி: வியாழக்கிழமைக்குக் கருவாடும் உண்டா?

பெரிய மாமா: உனக்கு நேரே ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொள்கிறேன். கரும்பலகையைத் திருச்சியிலிருந்து வரும்போது நீயே தூக்கிக்கொண்டு வா.