ஹீத்ரோவா கேட்விக்கா? வயசான அம்மாவோட ஈஸ்ட் ஹாம் போகணும், வழி சொல்லுங்க

நெல்லைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா லண்டன்ல ஈஸ்ட் ஹாம்ல இருக்கா, நவம்பர்ல பிரசவம், நானும் அம்மாவும் போறோம். ரெண்டு பேருக்குமே இதான் முதல் ஃப்ளைட். திருவனந்தபுரத்துலேர்ந்து துபாய் வழியா டிக்கெட் பாக்கேன், கேட்விக் இறங்குனா ஹீத்ரோவ விட ஆளுக்கு ஆறாயிரம் ரூபா கம்மியா காட்டுது. அத்தானுக்கு அன்னைக்கு ஷிஃப்ட், கூப்பிட வர முடியாது, அக்காவ இந்த நேரத்துல அலைய விட மனசு இல்ல. அம்மாவுக்கு 66 வயசு, முட்டி வலி, பத்து படி ஏறுனா நின்னுதான் அடுத்தது. பெரிய பெட்டி ரெண்டு, கைப்பை ரெண்டு. டாக்ஸி ரேட்டப் பாத்தா தலை சுத்துது. ட்ரெயின்ல போக முடியுமா, எந்த ஏர்போர்ட் நல்லதுன்னு போய் வந்தவங்க சொல்லுங்க.

தேம்ஸ்கரை:
டிக்கெட் விலைய அப்புறம் பாருங்க சகோதரி, அம்மா எத்தன படி ஏறணும், எத்தன தடவ வண்டி மாறணும்னு முதல்ல பாருங்க. என் ஓட்டு ஹீத்ரோதான். எந்த டெர்மினல்ல இறங்குனாலும் எலிசபெத் லைன் ட்ரெயின் உண்டு, 2022ல திறந்தது, ஏசி, பெரிய பெட்டி, உள்ள பை வச்சுக்க இடம் இருக்கு. ஏறி உக்காந்தா முக்கால் மணி நேரத்துல வைட்சாப்பல், அங்க லிஃப்ட்லயே டிஸ்ட்ரிக்ட் லைன் பிளாட்பாரத்துக்கு வந்துரலாம், அதுல நேரா ஈஸ்ட் ஹாம். ஒரே ஒரு மாத்தல். பேடிங்டன் வரைக்கும் போற ஹீத்ரோ எக்ஸ்பிரஸ்ஸுக்கு ஆசப்படாதீங்க, 15 நிமிஷத்துல போகும்தான், ஆனா காசு ஜாஸ்தி, அங்க இறங்கியும் நீங்க ஊரோட மறு கோடிக்குப் போகணும்.

அம்மாவுக்கு வீல்சேர் கேட்டு 48 மணி நேரத்துக்கு முன்னாடியே ஏர்லைன்ஸ்ல சொல்லிருங்க, இதுக்குத் தனிக் காசு கிடையாது. ஹீத்ரோல கேட்லேர்ந்து இமிகிரேஷன் வரைக்கும் நடக்குற நட கொஞ்சநஞ்சம் இல்ல. என் அம்மா முதல்தடவ வந்தப்ப கூச்சப்பட்டு வேணாம்னுட்டாங்க, பாதி வழில சுவத்தப் புடிச்சுட்டு நின்னத இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

ஈஸ்ட்ஹாம் அன்ரி:
தங்கச்சி, நான் இஞ்ச ஈஸ்ட் ஹாமில இருபது வருசமா இருக்கிறன். கேட்விக்கும் அப்பிடி மோசமில்லை, தேம்ஸ்லிங்க் ரெயினில பிளாக்ஃப்ரையர்ஸ் வந்து இறங்கினா அங்கயும் லிஃப்ற் இருக்கு, கீழ டிஸ்ட்ரிக்ட் லைன் நேர எங்கட ஸ்ரேசனுக்கு வரும். ஆனா வடக்கு டெர்மினலில இறங்கினா ரெயின் ஸ்ரேசனுக்கு வர சின்ன ஷட்டில் ஒண்டு எடுக்கோணும், அது காசில்லை, ஸ்ரேசன் தெற்கு டெர்மினலிலதான் இருக்கு. பெட்டியோட ஏறி இறங்கிற வேலை ஒண்டு கூடுதல், அவ்வளவுதான். சனி ஞாயிறில தண்டவாள வேலை எண்டு ரெயினை நிப்பாட்டிப்போட்டு பஸ் விடுவினம், வெளிக்கிட முதல் பாருங்கோ.

இன்னொண்டு, பிரசவச் சாப்பாடு எண்டு நெய், பால்கோவா கட்டிக்கொண்டு வராதேங்கோ. இந்தியாவில இருந்து பால் சாமான், இறைச்சிச் சாமான் ஒண்டும் பிரிட்டனுக்க கொண்டுவர விடமாட்டினம். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில எங்கட ஆக்களின்ர கடையள் நிறைய, நெய், பெருங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் இஞ்சயே வாங்கலாம். அந்த இடத்துக்கு அம்மாவுக்கு ஒரு நல்ல குளிர்ச் சட்டை வையுங்கோ, அதையும் பெரிய பெட்டிக்க போடாம கையில கொண்டு வாங்கோ.

ஆயில்கார்டு இல்லாதவன்:
ட்ரெயின் சரி, காசு எப்பிடி கட்டுறதுன்னு யாரும் சொல்லலயே. தனியா டிக்கெட் எடுக்கவே வேணாம், ஸ்டேஷன் கேட்ல பேங்க் கார்டத் தட்டிட்டுப் போய் இறங்குற எடத்துல மறுபடி தட்டணும், கேட்விக்லயும் இது 2016லேர்ந்து இருக்கு. ஒருத்தருக்கு ஒரு கார்டு, அம்மாவுக்குத் தனிக் கார்டு வேணும். நம்ம ஊர் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிக் கட்டுறதும் ஆஃப்ல இருக்கும், ரிசர்வ் பேங்க் 2020ல கொண்டுவந்த விதி, ஊர்லயே பேங்க் ஆப்ல ஆன் பண்ணிட்டுக் கிளம்புங்க, அங்க போய் கேட்டுக்கு முன்னாடி நின்னுட்டு ஓடிபிக்கு சிக்னல் தேடக் கூடாது. உள்ள போகையில கார்டு, வெளிய வரையில அதே கார்டு போனுக்குள்ள இருக்கேன்னு போனத் தட்டுனா ரெண்டும் வேற வேற பயணமாத்தான் கணக்காகும், ரெண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் போயிரும். நான் அந்தத் தப்பு பண்ணி, ஆன்லைன்ல எழுதிக் கேட்டுத்தான் திரும்ப வாங்குனேன்.

ஹீத்ரோவுல எலிசபெத் லைன் கட்டணம், அங்கேர்ந்தே போற இன்னொரு ட்ரெயினான பிக்காடிலி லைன விட ரெண்டு மடங்குக்கும் மேல. காசு மிச்சம் பண்ணணும்னா பிக்காடிலில ஏறி பேரன்ஸ் கோர்ட்ல இறங்குங்க, அதே பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் வரும், படியே இல்ல, அப்மின்ஸ்டர்னோ பார்க்கிங்னோ போர்டு போட்ட வண்டில ஏறுங்க (பார்க்கிங் ஒரு ஊர் பேரு). ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும், பழைய வண்டி, பெட்டிய கால் நடுவுல வச்சுட்டு உக்காரணும். தனியா வர்ற பையனுக்கு இது போதும். அம்மாவோடன்னா நானும் எலிசபெத் லைன்தான் சொல்வேன்.

நெல்லைப்பொண்ணு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஹீத்ரோவே போட்டுட்டேன், வீல்சேரும் சொல்லியாச்சு. அன்ரி, நெய் விஷயம் சொன்னது பெரிய உதவி, அம்மா ரெண்டு கிலோ உருக்கி வச்சிருந்தாங்க. ஒரே ஒரு சந்தேகம், வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு லேண்டிங், இமிகிரேஷன் முடிய நேரமாயிருச்சுன்னா ட்ரெயின் இருக்குமா?

தேம்ஸ்கரை:
பத்து பத்தரைக்கு வெளிய வந்தாக்கூட எலிசபெத் லைன் இருக்கும். ஃப்ளைட் லேட்டாகி நடுராத்திரி தாண்டிட்டாலும் பயப்படாதீங்க, வெள்ளி சனி ராத்திரில பிக்காடிலி லைன் விடிய விடிய ஓடும், டெர்மினல் 4க்கு மட்டும் போகாது. ஆனா ராத்திரி டிஸ்ட்ரிக்ட் லைன் கிடையாது, அப்பிடி ஆச்சுன்னா மட்டும் காசப் பாக்காம டாக்ஸி எடுத்துருங்க. அக்கா வீட்டு போஸ்ட்கோட ஒரு பேப்பர்ல எழுதி அம்மா கைலயும் குடுத்து வைங்க.