வண்டிக் கூரை ஆண்டெனாவை மாற்றலாமா? டெல்டா பக்கம் டிவி பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:

என் வண்டி இங்கே பலருக்குத் தெரிந்ததுதான். படுக்கை, அடுப்படி எல்லாம் வைத்து வீடாக்கிய டிராவலர் வேன். கூரையில் இருப்பது கைப்பிடியைச் சுற்றினால் எழும்பும் பழைய ஆண்டெனா, முன்பு வைத்திருந்தவர் மாட்டியது. அதில் ஒன்றும் வருவதில்லை. உள்ளே ஒரு முக்காலியும் அதில் மாட்டும் சின்ன டிஷ் குடையும் கிடக்கின்றன. இப்போது தானாகவே செயற்கைக்கோளைத் தேடிப் பிடிக்கும் டோம் வகையைக் கூரையில் போடலாமா என்று யோசனை. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

கேட்பதற்குக் காரணம் திருவையாறு. ஜனவரியில் ஆராதனைக்குப் போயிருந்தோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, பந்தலில் தரையில் உட்கார முடியாது. வண்டியில் இருந்தபடியே டிவியில் பார்க்கிறேன் என்றார். மர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலைந்தேன். ஒரு வழியாக டிடி தமிழ் வந்தபோது பஞ்சரத்னம் தொடங்கிவிட்டது. ஜன்னல் வழியே மைக் செட்டில் நாட்டை. டிவியிலும் அதே நாட்டை, ஆனால் சில விநாடி பின்னால். வண்டிக்குள் இரண்டு கோஷ்டி பாடுவதுபோல் ஆகிவிட்டது. சத்தத்தை நிறுத்தினேன். காதில் ஓர் அடி கேட்டு முடிந்த பிறகுதான் திரையில் அவர்கள் அதற்கு வாயைத் திறக்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்த அப்பா, "அணைச்சிடுடா, யாரோ பாட்டுக்கு யாரோ வாயசைக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

டோம் போட்டாலும் அந்தத் தாமதம் போகாது, அது தெரியும். ஆனால் அன்று நான் இடம் தேடி அலைந்த அலைச்சல் இல்லாமல் போயிருக்குமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.

பேராவூரணிக்காரன்:

டோம் பற்றித் தெரியாது. முக்காலிதான் எனக்கும்.

மாமா வீடு தென்னந்தோப்புக்குள். தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் வண்டி வாசலில் நிற்கும், டிவி மட்டும் வராது. எங்கே வைத்தாலும் கீற்று மறைக்கும். ரோட்டோரம் கொண்டுபோய் வைத்தால்தான் படம். மாமாவுக்கு அதில் ஒரு கேலி: "வீட்டையே இழுத்துக்கிட்டு வர்றே, டிவிக்கு ரோட்டுக்குப் போறியே!"

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை ஏறியது. அடுத்த நாள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, விழுந்த மரங்களை வெட்டி வெட்டி வழி விட்ட பிறகு உள்ளே போய்ச் சேர்ந்தேன். கரண்ட் இல்லை, போனில் ஒரு கோடுகூட இல்லை. என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நியூஸ் பார்க்கலாமே என்று வாசலில் வழக்கமான இடத்திலேயே முக்காலியை வைத்தேன். திருப்பக்கூட இல்லை. வைத்ததும் படம் வந்துவிட்டது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வண்டியைச் சுற்றி நின்று, நம் ஊர் பெயர் சொல்கிறார்களா என்று பார்த்தார்கள். மாமா டிவிப் பக்கமே திரும்பவில்லை. குடை பார்த்துக்கொண்டிருந்த திசையில், மேலே, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்பா வைத்த மரங்கள்.

அதற்குப் பிறகு அந்த வாசலில் நான் டிவி போட்டதில்லை. புதுக் கன்றுகள் இப்போது வளர்ந்துவிட்டன.

அறுப்பு வண்டி:

நமக்கு வேன் எல்லாம் இல்லை அண்ணே. சம்பா அறுப்புக்கு மெஷினோடு வருகிற ஆள் நான். படுக்கை பிக்கப் வண்டியில். குடையை மணல் மூட்டையில் சொருகி வைப்போம். ஒருமுறை நீடாமங்கலம் பக்கம் ஒரு களத்தில், நிலத்துக்காரர் மகன், சின்னப் பையன், குடையைப் பிடித்துத் திருப்பித் தருகிறேன் என்று நின்றான். நாங்கள் உள்ளே இருந்து "வருது, வருது, போச்சு" என்று கத்துகிறோம். படம் வந்ததும் "அப்படியே வுடு" என்றோம். அவன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். படம் பாதி ஓடின பிறகு எங்களில் ஒருத்தர் வெளியே போனால், பனியில் இரண்டு கையாலும் குடையைப் பிடித்தபடி பையன். விட்டால் போய்விடும் என்று நினைத்திருக்கிறான். இப்போது அவன் கல்லூரி போவான்.

டோம் வேண்டுமா என்றெல்லாம் சொல்லத் தெரியவில்லை.

மன்னை மைனர்:

நான் போட்டேன், கழற்றினேன்.

வண்டியே உயரம். அதன் மேல் ஏ.சி. அதற்கும் மேல் இந்தத் தவலை. நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது. நம் ஊர்களுக்குள் வந்தால் தெரியும். திருவிழா நேரத்தில் ஒரு சன்னதித் தெருவில் திரும்பினேன். குறுக்கே சீரியல் பல்பு வளைவு. முன்னால் நின்றவர் "வா வா வா" என்று கையைக் காட்டினார். அவர் கண் வண்டியின் இடுப்பில் இருந்தது, தலையில் இல்லை. டக்கென்று ஒரு சத்தம். அம்மன் உருவம் போட்டிருந்த வளைவு அப்படியே சாய்ந்து டோம் மேல் உட்கார்ந்துகொண்டது, விளக்கு எரிந்தபடியே. பின்னால் நாதஸ்வரம் வந்துகொண்டிருக்கிறது, நான் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நிற்கிறேன். ஓர் ஆயா மட்டும் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதோடு சரி. இப்போது போனை டிவியில் இணைத்துக்கொள்கிறேன். கஜா மாதிரி நாள் எப்போதோ ஒன்று, அதை வைத்துக் குடை வாங்கச் சொல்வது நியாயமா பேராவூரணி அண்ணே?

பேராவூரணிக்காரன்:

நான் வாங்கச் சொன்னேனா தம்பி? திரும்பப் படி.

தரங்கை அலை:

போன் போதும் என்கிறவருக்காக இது. 2024 ஜூன் 29, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தரங்கம்பாடியில் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி வண்டி. கடைசி ஓவர், தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். ஹர்திக் ஓடி வருகிறார், மில்லர் மட்டையை ஓங்குகிறார், பந்து மேலே. அங்கேயே நின்றது படம். வட்டம் சுற்றுகிறது. ஊரே அந்த ஒரு டவரில் மேட்ச் பார்க்கிறது போல.

சிக்ஸரா, அவுட்டா? மனைவி என்னைப் பார்க்கிறாள், நான் வட்டத்தைப் பார்க்கிறேன். அப்போது டீக்கடைப் பக்கம் ஒரு கூச்சல். சந்தோஷக் கூச்சலா, வயிற்றெரிச்சலா என்று அந்தச் சத்தத்தில் பிரித்துத் தெரியவில்லை, அதுதான் கொடுமை. ஓடிப் போய்ப் பார்த்தால் சூர்யகுமார் கேட்சை மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடையில் இருந்தது கூரையில் துருப்பிடித்த ஒரு குடை.

கோடியக்கரை உப்பு:

அந்தப் பழைய கூரை ஆண்டெனாவில் ஒன்றும் வருவதில்லை என்கிறீர்கள். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது எங்கள் கரையில் மூங்கில் கழியில் ஆண்டெனா கட்டி அதைத்தான் பார்த்தார்கள். என் அம்மாவுக்குத் தெரிந்த முதல் டிவி இலங்கை டிவிதான்.

சில வருடம் முன்பு, சித்திரையில், வேதாரண்யம் உப்பளத்து ஓரம் வண்டியைப் போட்டிருந்தேன். காற்றே இல்லாத ராத்திரி. சும்மா கைப்பிடியைச் சுற்றி ஆண்டெனாவைத் தெற்கே திருப்பி, டிவியை அனலாக்கில் தேட விட்டேன். பொரிப்பொரியாக ஒரு பெண் சிங்களத்தில் வானிலை வாசிக்கிறார். பின்னால் வரைபடம். தீவு நடுவில் பெரிதாக. இடது மூலையில் நம் கரை, ஒரு துண்டு, பெயர்கூட இல்லாமல். நான் நின்ற இடம் அந்தத் துண்டில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மங்கிப் போய்விட்டது. மறுநாள் ராத்திரி தேடியபோது வரவில்லை.

கடலுக்கு மேல் காற்று சூடும் குளிருமாக அடுக்கு கட்டி நிற்கிற ராத்திரிகளில் அலை வளைந்து வரும் என்பார்கள். உங்கள் டோமில் அது வராது.

சிக்னல் சித்தர்:

உப்பு சார் சொல்வது ரசனை. அதை நம்பி யாரும் கூரை ஆண்டெனாவுக்கு பூஸ்டர் வாங்கிவிடாதீர்கள். தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் தவிர, 2022 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். கொடைக்கானல் டவரை நோக்கி ஆண்டெனா திருப்பிய காலம் போயாச்சு. வராத சிக்னலை எந்த பூஸ்டரும் வரவைக்காது.

வெண்ணாறு சார், டோம் இரண்டு வகை. வண்டி நின்ற பிறகு தேடிப் பிடிப்பது ஒன்று, ஓடும்போதும் பிடித்துக்கொண்டே வருவது இன்னொன்று, அது இன்னும் விலை. இரண்டுக்கும் வானம் தெரிய வேண்டும். அமெரிக்காவில் இருந்து மச்சான் கொண்டுவருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கத்திய டோம்கள் பெரும்பாலும் அவர்களுடைய செயற்கைக்கோளுக்கே அமைத்தவை. அலை முனைவாக்கமும், அதாவது அலை அதிரும் விதமும் வேறு, அங்கே வட்டமாக, நமக்கு நேர்கோடாக. ஐரோப்பியச் சரக்கில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தூர்தர்ஷனின் இலவச சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்கு 93.5 பாகை, அதன் பட்டியலில் உண்டா என்று வாங்குமுன் கேளுங்கள்.

இப்போது மரக் கணக்கு. தஞ்சாவூரில் இருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், கொஞ்சம் கிழக்கு ஒதுங்கி, காம்பஸில் 126 பாகை. உயரம் 69 பாகை, அதாவது ஏறக்குறைய தலைக்கு மேல். குடையைப் பார்த்தால் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியாது. அலையை வாங்கும் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கிற வகை அது, குடையின் முகம் காட்டுவதைவிட இருபது பாகைக்கு மேல் உயரத்தில்தான் அதன் பார்வை. அதனால்தான் "எதிரே மரமே இல்லையே" என்று எல்லாரும் குழம்புகிறார்கள். மரம் எதிரே இல்லை சார், மேலே. அறுபது அடித் தென்னை என்றால் தண்டிலிருந்து 23 அடி தள்ளினால் கணக்குப்படி போதும், மட்டை விரிவையும் சேர்த்து நாற்பது அடி வையுங்கள். தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. அப்படியானால் தோப்புக்குள் தப்பவே முடியாது, பேராவூரணி அண்ணனுக்கு ஆனது அதுதான்.

ஆக, வண்டிக்கு நிழல் வேண்டும், குடைக்கு வெயில் வேண்டும். டோம் போட்டால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். பங்குனி வெயிலில் டிவிக்காக வண்டியை வெட்டவெளியில் போடுவீர்களா? முக்காலி என்றால் வண்டி புளியமரத்தடியில், குடை முப்பது அடி தள்ளி. கேபிள் நல்ல ஆர்ஜி-6 ஆக இருக்கட்டும். மலிவுக் கேபிளில் மின்னழுத்தம் இறங்கினால் எல்என்பிக்கு 18 வோல்ட் போய்ச் சேராது, பாதி சேனல் மட்டும் காணாமல் போகும். குடையைத் திருப்பும்போது செட்டாப் பெட்டி காட்டும் ஸ்ட்ரெங்த் கோட்டைப் பார்க்காதீர்கள், குவாலிட்டியைப் பாருங்கள். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டி என்றால் இன்வெர்ட்டர் தேவையில்லை. ஆனால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி 14க்கு மேல் போகும், நடுவில் ஒரு ரெகுலேட்டர் போடுங்கள். ஐப்பசி அடைமழையில் எதைப் போட்டாலும் படம் போகும், அதற்கு மருந்து இல்லை.

என் அனுபவம்? கல்லணையில் ஒரு குரங்கு எல்என்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. கண்ணெதிரே அதைக் கடித்துப் பார்த்துவிட்டு ஆற்றில் போட்டது.

மன்னை மைனர்:

குரங்குக் கதையை முழுசாக எழுதியிருக்கலாம் சித்தரே, பாடத்தைக் குறைத்துவிட்டு.

வெண்ணாற்றங்கரை:

டோம் இல்லை என்று முடிவு. முக்காலிக்கு நல்ல கேபிளும், திசை காட்டும் ஒரு காம்பஸும் வாங்குகிறேன். அப்பாவிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் மடக்கு நாற்காலி ஒண்ணு வாங்கு, பந்தல் ஓரமாப் போட்டு உக்காந்துக்கிறேன்" என்கிறார். அதுவும் வாங்குகிறேன். கூரையில் இருப்பதைக் கழற்றிவிடலாம்தானே?

சிக்னல் சித்தர்:

கழற்றினால் அந்த ஓட்டையைத் தகடு வைத்து, சிலிகான் போட்டு அடைத்துவிடுங்கள். ஐப்பசிக்கு முன்பே. இல்லையென்றால் படுக்கையில்தான் சொட்டும்.

கோடியக்கரை உப்பு:

கழற்றியதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் சார். கைப்பிடி, கம்பி எல்லாம் சேர்த்து எனக்கு வேண்டும். திருத்துறைப்பூண்டி வரை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.