ஒரே மூதாதையர், ஒரே நம்பிக்கை. மொழி மட்டும் ஏன் இருவேறு வழியில் போயிற்று?

கேள்வி:
மென்னோனைட்டுகள் என்னும் கிறித்தவப் பிரிவினரின் மொழி வரலாற்றைப் படித்துவரும் எனக்கு ஒரு முடிச்சு அவிழவில்லை. 1870-களில் ரஷ்யப் பேரரசின் தென்பகுதியிலிருந்து, அதாவது இன்றைய உக்ரைனிலிருந்து, புறப்பட்டவர்களுள் அமெரிக்காவின் கான்சஸில் குடியேறியோரின் சந்ததியினர் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டனர். கனடாவின் மனிட்டோபாவுக்குச் சென்று, பின்னர் மெக்சிகோவுக்குப் பெயர்ந்தோரின் வீடுகளிலோ பிளௌட்டீச் என்னும் தாழ் ஜெர்மன் வட்டார மொழி இன்றும் குழந்தைகளின் தாய்மொழியாக இருக்கிறது. இதற்கு மதப்பற்று ஒன்றே காரணமா?

பதில் 1:
பள்ளிக்கூடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 1916-இல் மனிட்டோபா அரசு ஆங்கிலவழிப் பள்ளியைக் கட்டாயமாக்கியபோது, பள்ளியைத் திருச்சபையின் ஓர் அங்கமாகவே கருதிய பழைமைப் பிரிவினர் அதை ஏற்கவில்லை. தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்று மெக்சிகோ அதிபர் ஒப்ரெகோன் 1921-இல் வாக்களிக்கவே, அடுத்த ஆண்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சிவாவா மாநிலத்துக் குவாத்தேமோக் பகுதியில் ஊர் ஊராகச் சேர்ந்து குடியேறினர். கான்சஸில் அத்தகைய வேலி இல்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மன் பேசுவோர்மீது எழுந்த வெறுப்பும் சேர்ந்துகொண்டது.

பதில் 2:
மேலே சொன்னது சரியே, ஆயினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இவர்கள் பிடிவாதமாகக் காத்தது வழிபாட்டு மொழியை அன்று. உக்ரைனுக்குப் பெயருமுன், இன்றைய போலந்திலுள்ள விஸ்துலா ஆற்றுப் படுகையில் வாழ்ந்த முன்னோர் ஆலயத்தில் டச்சு மொழியையே கையாண்டனர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த இடத்தை உயர் ஜெர்மன், அதாவது பொது எழுத்து ஜெர்மன், எடுத்துக்கொண்டது. அண்டை வீட்டாரிடமிருந்து கற்ற பிளௌட்டீச்சோ அடுக்களையை விட்டு நகரவில்லை, கண்டம் தாண்டியும் கூடவே வந்தது. அது மாறாமலும் வரவில்லை. தக்காளிக்கு அவர்கள் சொல்லும் ‘போக்கல்ஷான்’, ரஷ்ய மொழியில் கத்தரிக்காயைக் குறிக்கும் ‘பக்லஷான்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. உக்ரைன் தோட்டத்தில் ஒட்டிய சொல் மெக்சிகோ வயலிலும் உயிரோடிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பராகுவேயில்?

பதில் 2:
அங்கே நிலைமை வேறு, நண்பரே. 1930-இல் அந்நாட்டின் சாக்கோ பகுதியில் உருவான ஃபெர்ன்ஹைம் என்னும் மென்னோனைட்டுக் குடியிருப்பில் உயர் ஜெர்மனே பள்ளி மொழி. ஆகவே சில குடும்பங்களில் பெற்றோர் பிள்ளைகளிடம் அதையே பேசத் தொடங்கினர். வீட்டுக்குள் பிளௌட்டீச்சை நெருக்குவது நாட்டு மொழியான ஸ்பானியம் அன்று, சொந்த ஆலயத்தின் மொழியே. அதே வட்டாரத்தில், மென்னோனைட்டுகளிடம் வேலை செய்த என்லெத் பழங்குடியினர் சிலர் பிளௌட்டீச்சைக் கற்றுப் பேசுகின்றனர்.